திரும்பி வராத இளைஞர்: வாசகர் கேள்வி–பதில்

நாகர்கோவிலிலிருந்து ஓர் அம்மையார் எழுதிய நீண்ட கடிதத்தின் ஒரு பகுதியைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தேன். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தில் சென்று திரும்பி வராமற்போன ஓர் இளைஞரைப் பற்றியது அது. அதைப் படித்துவிட்டு மேலும் சிலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். அவை அனைத்தும் ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருப்பதால், இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் மருமகள் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியைச் சேர்ந்தவள். அவளுடைய பாட்டியின் அண்ணன் போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானத்தில் சென்று திரும்பவில்லை. வீட்டில் எல்லோரும் அவரைப் பைலட் என்றே சொல்கிறார்கள். ஒரு தகரப் பெட்டியில் அவருடைய புகைப்படங்கள் இரண்டு, ஒரு தந்தி, படைத் தளபதி எழுதிய கடிதம், நீலத்துணி அட்டையிட்ட லாக் புத்தகம் ஆகியவை இருக்கின்றன. ஒரு படத்தில் தொப்பியின் முன்பக்கம் வெள்ளைப் பட்டை இருக்கிறது. மற்றொன்றில் அது இல்லை, மார்பில் ஒற்றைச் சிறகுச் சின்னம் இருக்கிறது. என் பேரப்பிள்ளைகளுக்காக அவருடைய கதையை எழுதி வைக்க ஆசைப்படுகிறோம். எங்கிருந்து தொடங்குவது? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: புகைப்படங்களிலிருந்தே தொடங்குங்கள் அம்மா. தொப்பியில் வெள்ளைப் பட்டை செருகியிருந்தால், அவர் விமானக்குழுவில் சேரத் தேர்வாகிப் பயிற்சியில் இருந்த காலத்தில் எடுத்த படம் அது. பயிற்சி முடிந்து சின்னம் பெற்றவுடன் அந்தப் பட்டையைக் கழற்றிவிடுவார்கள். ஆகவே இரண்டாவது படம் அதற்குப் பிந்தியது. இனி அந்தச் சின்னத்தை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். விமானி என்றால் மார்பில் இரு சிறகுகளும் விரிந்திருக்கும். ஒற்றைச் சிறகு என்றால் அவர் விமானி அல்லர். சிறகின் அடியிலுள்ள வட்டத்தில் காணும் எழுத்து அவருடைய பணியைச் சொல்லும். 'என்' என்றால் வழிகணிக்கும் நேவிகேட்டர், 'ஈ' என்றால் விமானப் பொறியாளர், 'பி' என்றால் குண்டைக் குறிபார்த்து விடுபவர், 'ஏ.ஜி.' என்றால் துப்பாக்கி வீரர்.

வீட்டிலுள்ளவர்கள் அவரைப் பைலட் என்று சொல்லி வந்தது பொய்யாகாது. வானில் பறந்தவர் எல்லோரும் தங்கைமார் கண்ணுக்குப் பைலட்தான். எனினும் நீங்கள் எழுதும்போது அவர் உண்மையில் எந்த இருக்கையில் அமர்ந்திருந்தாரோ அந்த இருக்கையிலேயே அவரை அமர்த்துங்கள். சின்னத்தில் 'ஏ.ஜி.' என்று இருந்து, அவர் வால்பகுதித் துப்பாக்கி வீரராக இருந்திருந்தால், அவருடைய இரவுகள் விமானியின் இரவுகளைவிடத் தனிமையானவை. லங்காஸ்டர் விமானத்தின் மற்ற ஆறு பேரும் முன்பகுதியிலும் நடுவிலும் இருக்க, அவர் மட்டும் வால்முனையில் கண்ணாடிக் கூண்டு ஒன்றில், போகும் திசைக்கு முதுகைக் காட்டியபடி ஏழெட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த உயரத்தில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி வரை இறங்கக்கூடியது. அதனால் மின்சாரத்தால் சூடேற்றும் உடையை அணிந்தார்கள். கூண்டுக்குள் இடம் போதாமையால் பெரும்பாலான வால்பகுதி வீரர்களின் பாரசூட், பின்னால் விமான உடலின் உட்சுவரில் மாட்டப்பட்டிருந்தது. ஆபத்து வந்தால் கூண்டின் கதவைத் திறந்து, கையைப் பின்னால் நீட்டி அதை எடுத்து மாட்டிக்கொண்ட பிறகே அவரால் குதிக்க முடியும். இதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னால், பைலட் என்ற பட்டம் இல்லாததால் அவருக்குக் குறைவு எதுவும் நேர்ந்துவிடவில்லை என்பது அவர்களுக்கே புரியும்.

அடுத்து லாக் புத்தகம். அது உங்களிடம் இருப்பதே பெரும் பேறு. குடும்பத்தார் கேட்டுப் பெறாத பல லாக் புத்தகங்கள் பின்னாளில் அழிக்கப்பட்டுவிட்டன. விமானிகளுக்கு ஒரு வகைப் புத்தகமும், நேவிகேட்டர், துப்பாக்கி வீரர் முதலியோருக்கு இன்னொரு வகைப் புத்தகமும் கொடுத்தார்கள் என்பதால், அட்டையில் அச்சிட்டிருப்பதைக் கொண்டும் அவருடைய பணியை உறுதி செய்யலாம். உள்ளே ஒவ்வொரு வரியும் ஒரு பறப்பு: தேதி, புறப்பட்ட நேரம், விமானத்தின் எண், விமானியின் பெயர், தன் பணி, மேற்கொண்ட வேலை, பறந்த நேரம் பகலா இரவா என்பது. சாதாரணமாக இரவுத் தாக்குதல்களைச் சிவப்பு மையிலும் பகல் தாக்குதல்களைப் பச்சை மையிலும் எழுதுவது வழக்கம். ஆகவே சிவப்பு வரிகளைத் தனியே எண்ணிப் பாருங்கள். ஒரு சுற்றுப் பணி என்பது 30 தாக்குதல்கள். திரும்பி வராத கடைசிப் பறப்பை நீக்கிவிட்டு, சிவப்பும் பச்சையுமான வரிகள் எந்த எண்ணில் நிற்கின்றனவோ, அத்தனை முறை அவர் போய்த் திரும்பியிருக்கிறார். 'கார்டனிங்' என்று எழுதியிருந்தால் தோட்டவேலை என்று நினைத்துவிடாதீர்கள். கடலில் கண்ணிவெடி போடுவதற்கு அவர்கள் வைத்திருந்த குறிச்சொல் அது. கடைசி வரி பெரும்பாலும் வேறொருவர் கையெழுத்தில் இருக்கும். பறந்தவர் திரும்பி வந்தால்தானே தாமே எழுத முடியும். வராதபோது அலுவலகத்தில் இருந்தவர் அந்த வரியை எழுதி முடித்து, உயர் அதிகாரியிடம் கையொப்பம் வாங்கிவிடுவார்.

தந்தியில் 'காணவில்லை' என்றுதான் இருக்கும், 'இறந்தார்' என்று இருக்காது. அதைத் தொடர்ந்து ஓரிரு நாளில் படைத் தளபதியின் கடிதம் வரும். சாட்சியம் ஏதும் கிடைக்காவிட்டால், பொதுவாக ஆறு மாதங்களுக்குப் பிறகே விமான அமைச்சகம் அவரை இறந்தவராகக் கருதும். அந்த ஆறு மாதங்கள் ஒரு தாய்க்கு எப்படிக் கழிந்திருக்கும் என்பதை அரசுத் தாள் எதுவும் பதிவு செய்யவில்லை. உங்கள் மருமகளின் பாட்டி சொல்லி யாராவது கேட்டிருந்தால் அதை இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். தந்தி வருவதற்கு முன்பே விமானத் தளத்தில் இன்னொரு காரியம் நடந்துமுடிந்திருக்கும். இதற்கென்றே நியமிக்கப்பட்டவர்கள் வந்து காணாமற்போனவரின் அலமாரியைக் காலி செய்து, உடைமைகளைப் பட்டியலிட்டு, பெற்றோரை வருத்தக்கூடிய கடிதங்கள் ஏதேனும் இருந்தால் நீக்கிவிட்டு, மீதியை மத்தியக் கிடங்குக்கு அனுப்புவார்கள். அந்தக் கட்டிலில் அடுத்த குழுவைச் சேர்ந்த புதிய இளைஞர் ஒருவர் வந்து படுப்பார்.

பெட்டியில் இன்னொரு தாளையும் தேடிப் பாருங்கள். காணாமற்போன விமானக்குழுவினர் அனைவருடைய நெருங்கிய உறவினர்களின் பெயரையும் முகவரியையும் தட்டெழுதி ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பும் வழக்கம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராத தாய்மார்கள் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 'உங்கள் மகனைப் பற்றி ஏதேனும் தெரிந்ததா, எங்களுக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை' என்ற வகையில் தொடங்கிய தொடர்பு, சில குடும்பங்களில் தலைமுறை கடந்தும் நீடித்திருக்கிறது. உங்களிடம் இல்லாத குழுப்படம், நேவிகேட்டரின் தம்பி மகன் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

பெட்டிக்கு வெளியே தேட வேண்டியவை இரண்டு. அவர் இருந்த ஸ்குவாட்ரனின் (விமானப்படை அணியின்) செயற்பதிவேடுகள் லண்டனில் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு இரவும் எந்த விமானத்தில் யார் யார் போனார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், இலக்கின் மேல் வானம் எப்படி இருந்தது என்பதெல்லாம் அவற்றில் உண்டு. இரண்டாவது, லிங்கன் நகரில் 2018-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பன்னாட்டு குண்டுவீச்சுப் படைப்பிரிவு மையம். அதன் இழப்புப் பதிவுத் தொகுப்பில் ஏறத்தாழ 58,000 பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பெயர்களை மையத்தின் சுவர்களிலும் வெட்டியிருக்கிறார்கள். உங்கள் மருமகள் அந்தப் பக்கத்துப் பெண் என்பதால், ஒருநாள் குழந்தைகளோடு போய்வர அதிகத் தொலைவு இராது.

கேள்வி: போர் நினைவுத்தூண்களில் 19, 20, 21 என்றே வயதுகள் காணப்படுகின்றன. இத்தனை இளவயதினரை ஏன் அனுப்பினார்கள்? கட்டாயப்படுத்தியா? மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள்? (வாசகர், சேலம்)

பதில்: கட்டாயம் இல்லை. போர்க்காலத்தில் பிரிட்டனில் படைச்சேவை கட்டாயமாக இருந்தது உண்மை. ஆனால் விமானத்தில் பறக்கும் பணிக்கு வந்தவர்கள் அனைவரும் தாமாக முன்வந்தவர்களே. பதினெட்டு வயதில் பெயர் கொடுத்தவர்கள் ஏராளம். காலாட்படையின் பதுங்குகுழிகளைப் பற்றித் தந்தையர் சொல்லக் கேட்டு வளர்ந்த அந்தத் தலைமுறைக்கு வானம் தூய்மையானதாகத் தோன்றியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். லண்டனில் தேர்வான இளைஞர்கள் முதலில் வந்து பெயர் பதிந்த இடங்களுள் ஒன்று, கிரிக்கெட் ரசிகர்கள் அனைவரும் அறிந்த லார்ட்ஸ் மைதானம். அங்கிருந்து சிலர் பயிற்சிக்காகக் கனடா வரை கப்பலேறினார்கள்.

பயிற்சியின் இறுதிக் கட்டத்தில் குழு அமையும் விதம் வியப்பானது. எல்லாவற்றுக்கும் விதி எழுதி வைத்திருந்த ஒரு படை, இந்த ஒன்றை மட்டும் இளைஞர்களிடமே விட்டுவிட்டது. விமானிகள், நேவிகேட்டர்கள், வானொலி இயக்குநர்கள், துப்பாக்கி வீரர்கள் அனைவரையும் ஒரு பெரிய விமானக் கொட்டகைக்குள் அனுப்பி, நீங்களே ஒருவரையொருவர் தேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். யார் நம்பிக்கையாகத் தெரிகிறார், யாருடைய ஊர் நம் ஊருக்குப் பக்கம், யார் சிரித்துப் பேசுகிறார் என்பன போன்ற காரணங்களால் ஒரு பிற்பகலுக்குள் அமைந்த அந்தக் குழு, அதன் பின் பெரும்பாலும் ஒன்றாகவே பறந்தது, ஒன்றாகவே விடுமுறை எடுத்தது, பல வேளைகளில் ஒன்றாகவே இறந்தது. விமானத்தின் தலைவர் விமானிதான். அவர் சார்ஜென்டாக இருந்து, நேவிகேட்டர் அவரைவிட உயர்ந்த அதிகாரியாக இருந்தாலும், வானில் விமானி சொல்வதே செல்லும். ஆகவே குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் நம் வீட்டுப் பிள்ளையை மட்டும் தனியே பிரித்தெடுத்து எழுதிவிடக் கூடாது. அந்த ஏழு பேரின் பெயர்களையும் ஒருசேர எழுத வேண்டும்.

எண்ணிக்கையும் கேட்டிருக்கிறீர்கள். குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர். அவர்களில் 55,573 பேர் இறந்தார்கள். இவர்களுள் 8,000-க்கும் மேற்பட்டோர் எதிரியைக் காணாமலே, பயிற்சியிலும் விபத்திலும் இறந்தவர்கள். 1944 மார்ச் 30 இரவு நியூரம்பெர்க் நகருக்குப் புறப்பட்ட 795 விமானங்களில் 95 திரும்பவில்லை. விமானத்துக்கு ஏழு பேர் என்று கணக்கிட்டால் அடுத்த சில நாட்களில் தந்திச் சேவகர்கள் எத்தனை வாசல்களில் நின்றிருப்பார்கள் என்பது தெரியும்.

கேள்வி: உடல் கிடைக்காதவர்களுக்கு நினைவிடம் உண்டா? இத்தனை ஆண்டுகளுக்குப் பின் தேடிக் கண்டுபிடிக்க வாய்ப்பு இருக்கிறதா? (வாசகர், டொராண்டோ)

பதில்: உண்டு. லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் நதிக்கரையில் ரன்னிமீட் என்னும் இடத்தில், ஒரு குன்றின் மேல் விமானப்படை நினைவகம் இருக்கிறது. 1953 அக்டோபர் 17 அன்று இரண்டாம் எலிசபெத் அரசியார் அதைத் திறந்து வைத்தார். பிரிட்டனிலிருந்தும் ஐரோப்பாவின் வட, மேற்குப் பகுதிகளிலிருந்தும் பறந்து, கல்லறை இன்னதென்று அறியப்படாத 20,000-க்கும் மேற்பட்ட காமன்வெல்த் விமானப்படையினரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. கனடா நாட்டவரும் அவர்களுள் உண்டு. நீங்கள் அங்கேயே இருப்பதால் ஒன்றைச் சொல்கிறேன்: இரண்டாம் உலகப்போரில் இறந்த கனடியப் படையினரின் சேவைக் கோப்புகளை அந்நாட்டின் நூலக ஆவணக் காப்பகம் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறது. பெற்றோர் எழுதிய கடிதங்கள்கூடச் சில கோப்புகளில் கிடைக்கும்.

கல்லறை உள்ளவர்களுக்கும் அது எளிதாகக் கிடைத்துவிடவில்லை. போர் முடியும் தறுவாயில் காணாமற்போனோர் தேடல் சேவை என்று ஒரு பிரிவை பிரிட்டிஷ் விமானப்படை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. நாற்பதாயிரத்துக்கும் அதிகமானோர் காணாமற்போனவர்களாக இருந்தார்கள். அந்தப் பிரிவினர் ஊர் ஊராகச் சென்று பாதிரியாரையும் கல்லறை வெட்டுபவரையும் ஊர்த்தலைவரையும் விசாரித்து, விழுந்த விமானத்தின் எந்திர எண், சட்டையின் சலவைக் குறி, மோதிரம் என்று எது கிடைத்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு பெயர்களை மீட்டார்கள். அவர்கள் செய்த வேலைக்கு உரிய புகழ் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்றே கருதுகிறேன்.

இன்றும் வாய்ப்பு முற்றிலும் அற்றுப் போகவில்லை. நெதர்லாந்து அரசு, தன் நிலத்திலும் ஏரிகளிலும் புதைந்து கிடக்கும் விமானங்களுள் மனித எச்சங்கள் இருக்கக்கூடியவற்றை மீட்கும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. 1943 மார்ச் மாதம் பெர்லினிலிருந்து திரும்பும் வழியில் மறைந்த ஸ்டெர்லிங் விமானம் ஒன்றை 2020-இல் மார்க்கர்மேர் ஏரியிலிருந்து அவ்வாறு எடுத்தார்கள். முதலில் அது வேறொரு விமானம் என்றே கருதப்பட்டிருந்தது. அங்கே கிடைத்த ஒரு சிகரெட் பெட்டியில் பொறித்திருந்த முதலெழுத்துகள், அது எந்தக் குழுவுக்குரியது என்று திருத்திக் காட்டின. பல பத்தாண்டுகள் நீரில் கிடந்த ஒரு சிறு பெட்டி ஏழு குடும்பங்களுக்கு விடை கொடுத்தது.

கேள்வி: பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற குண்டுவீச்சு விமானி ஒருவர் புது தில்லியில் பிறந்தவர் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? (வாசகர், புது தில்லி)

பதில்: உண்மை. லெஸ்லி தாமஸ் மான்சர் 1922 மே 11 அன்று புது தில்லியில் பிறந்தவர். அவருடைய தந்தை இந்தியாவில் தபால் தந்தித் துறையில் பொறியாளராகப் பணியாற்றினார். டார்ஜிலிங்கை அடுத்த கர்சியாங்கில் சிறிது காலம் படித்த பின், குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. 1940-இல் விமானப்படையில் சேர்ந்து, அடுத்த ஆண்டு லிங்கன்ஷயரில் இருந்த 50-ஆவது ஸ்குவாட்ரனுக்கு வந்தார்.

1942 மே 30 இரவு கொலோன் நகரின் மீது முதன்முறையாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ஒரே இரவில் அனுப்பினார்கள். எண்ணிக்கையை நிரப்புவதற்காகப் பயிற்சிப் பிரிவுகளிலிருந்தும் குழுக்களைச் சேர்த்த இரவு அது. மான்சர் ஓட்டியது மான்செஸ்டர் என்னும் இரட்டை எந்திர விமானம். எந்திரங்கள் நம்பகமற்றவை என்று பெயரெடுத்த அந்த வகையை அடுத்த மாதமே போர்ப்பணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். இலக்கை நெருங்கும்போதே தேடுவிளக்குகளில் சிக்கிக் குண்டடிபட்டும், அவர் குண்டுகளை வீசி முடித்த பிறகே திரும்பினார். பின்பகுதித் துப்பாக்கி வீரர் காயமடைந்தார். விமானத்தினுள் புகை நிரம்பியது. அப்போதே எல்லோரும் குதித்திருந்தால் உயிர் தப்பியிருக்கலாம், ஆனால் எதிரியின் கையில் சிக்கியிருப்பார்கள். மான்சர் விமானத்தை 2,000 அடி வரை ஏற்றினார். அதன் பின் இடப்பக்க எந்திரம் தீப்பற்றியது. பத்து நிமிடத்துக்குப் பிறகே தீ அடங்கியது. அந்த எந்திரம் அத்தோடு செயலிழந்தது, சிறகின் ஒரு பகுதியும் எரிந்துபோயிருந்தது. பெல்ஜியத்தின் மேல் வரும்போது வேகம் குறைந்து, இனி விமானம் வானில் நிற்காது என்று தெரிந்ததும் குழுவைக் குதிக்கச் சொன்னார். உடனிருந்த சார்ஜென்ட் ஒரு பாரசூட்டை எடுத்து நீட்டினார். மான்சர் அதை ஒதுக்கித் தள்ளி, விமானத்தைச் சில நொடிகளே நிலையாகப் பிடித்திருக்க முடியும், உடனே குதி என்றார். குதித்தவர்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே விமானம் அவரோடு தரையில் மோதி எரிவதைக் கண்டார்கள். அவருக்கு இருபது வயது நிறைந்து இருபது நாட்கள் ஆகியிருந்தன.

இந்தக் கதை நமக்கு எப்படித் தெரிந்தது என்பதைக் கவனியுங்கள். குதித்த அறுவரில் நேவிகேட்டர் ஒருவர் மட்டும் பிடிபட்டார். மற்ற ஐவரைப் பெல்ஜிய மக்கள் மறைத்து வைத்தார்கள். ஆந்த்ரே தெ யோங் என்னும் இளம்பெண் தோற்றுவித்திருந்த 'காமெட்' இரகசிய வழியில், பெல்ஜியம், பிரான்ஸ், ஸ்பெயின் கடந்து அவர்கள் இங்கிலாந்து சேர்ந்தார்கள். அந்த ஐவர் அளித்த சாட்சியத்தின் மேல்தான் 1942 அக்டோபரில் மான்சருக்கு விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. குழுவில் ஒருவரும் பிழைக்காத விமானங்களில் இதே போன்ற எத்தனை நொடிகள் கடந்தனவோ, அவற்றைச் சொல்ல வாயில்லை. விருது இல்லாத வீரர்களின் குடும்பத்தார் இதை நினைவில் கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

அந்தக் குடும்பத்தின் வரலாறு அதோடு முடியவில்லை. மான்சரின் சகோதரியை மணந்தவர் ஜான் நீல் ராண்டில். அவரும் இந்தியாவில், காசியில் பிறந்தவர். 1944 மே 6 அன்று கோஹிமா போரில், ஜப்பானியரின் பதுங்கரண் ஒன்றைத் தாக்கிக் கைக்குண்டை உள்ளே போட்டு, அதன் வாயைத் தம் உடலாலேயே அடைத்து உயிர்விட்டார். அவருக்கும் விக்டோரியா கிராஸ் கிடைத்தது. ஒரே பெண் இரண்டு ஆண்டுகளுக்குள் சகோதரனையும் கணவரையும் இழந்தார். மான்சர் பெல்ஜியத்தில் ஹெவர்லே போர்க் கல்லறையில் இருக்கிறார்; ராண்டில் நாகாலாந்தில், கோஹிமா போர்க் கல்லறையில் இருக்கிறார். மான்சர் கடைசியாகக் கிளம்பிய ஸ்கெல்லிங்தார்ப் விமானத் தளம் இருந்த இடத்தில் இப்போது வீடுகள் எழுந்துவிட்டன; அங்குள்ள தொடக்கப் பள்ளிக்கு அவருடைய பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: பிரிட்டிஷ் விமானப்படையில் 'மதராஸ் மாகாணம்' என்ற பெயரில் ஒரு குண்டுவீச்சு ஸ்குவாட்ரன் இருந்ததாமே? அதில் பறந்தவர்கள் நம்மவர்களா? (வாசகர், சென்னை)

பதில்: 99-ஆவது ஸ்குவாட்ரனுக்கு அந்தப் பெயர் இருந்தது. விமானம் வாங்க நிதி கொடுத்த பகுதிகளின் பெயரை நன்றியாகச் சூட்டும் வழக்கத்தால் வந்த பெயர் அது. பறந்தவர்கள் நம் மாகாணத்தவர் என்று அதற்குப் பொருளில்லை. இதே முறையில் இலங்கையின் பெயரை 102-ஆவது ஸ்குவாட்ரன் தாங்கியது. யார்க்ஷயரில் பாக்லிங்டன் தளத்திலிருந்து ஹாலிஃபாக்ஸ் விமானங்களை ஓட்டியது அது. 99-ஆவது ஸ்குவாட்ரன் வெலிங்டன் விமானங்களை முதலில் பெற்ற பெருமைக்குரியது. 1942-இல் அது இந்தியாவுக்கு வந்து, வங்காளத் தளங்களிலிருந்து பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைகளைத் தாக்கியது. பின்னர் லிபரேட்டர் விமானங்களுக்கு மாறியது. ஆகவே உங்கள் ஆங்கிலேய நண்பர் எவராவது தம் தாத்தா 'மதராஸ் ஸ்குவாட்ரனில்' இருந்தார் என்று சொன்னால், அவர் சென்னைக்கு வந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: இந்த விமானங்கள் ஜெர்மன் நகரங்களில் பெண்களையும் குழந்தைகளையும் ஆயிரக்கணக்கில் கொன்றன. அவற்றில் பறந்தவர்களைக் குடும்பப் பெருமையாக எழுதி வைப்பது முறையா? (வாசகர், திருச்சி)

பதில்: நியாயமான கேள்வி. நாகர்கோவில் வாசகியும் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதைக் கடைசியில் வைத்தேன்.

போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் விமானங்கள் தொழிற்சாலை, துறைமுகம் என்று குறிப்பிட்ட இலக்குகளையே தேடின. 1941 ஆகஸ்டில் புகைப்படங்களைக் கொண்டு நடத்திய ஆய்வு, இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றே இலக்கிலிருந்து ஐந்து மைல் தொலைவுக்குள் வந்திருந்தது என்று காட்டியது. 1942 பிப்ரவரியில், நகரப் பரப்பையே இலக்காகக் கொள்ளும் ஆணை பிறந்தது. அதன் விளைவுகளை மறைக்க முடியாது. மான்சர் இறந்த அதே இரவில் கொலோன் நகரில் 450-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஏறத்தாழ 45,000 பேர் வீடிழந்தார்கள். 1943 ஜூலையில் ஹாம்பர்க்கில் எழுந்த தீப்புயலில் முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டனில் ஏறத்தாழ 25,000 பேர். ஆணையை வகுத்தவர்கள் மூத்தவர்கள். நிறைவேற்றியவர்கள் இருபது வயதினர். அந்த வயதினரின் துணிவை மதிப்பதும், கீழே எரிந்த தெருக்களைப் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று பகையான செயல்கள் என்று நான் கருதவில்லை. அவற்றுள் ஒன்றை மட்டும் எழுதுகிறவரிடமே எனக்கு வருத்தம்.

இந்தத் தயக்கத்தால் பிரிட்டனேகூட நீண்ட காலம் மௌனமாக இருந்தது. குண்டுவீச்சுப் படைப்பிரிவுக்கென ஒரு நினைவகம் லண்டன் கிரீன் பார்க்கில் எழுந்தது 2012-இல்தான். 1939 முதல் 1945 வரை குண்டுவீச்சில் இறந்த எல்லா நாட்டு மக்களையும் அது நினைவுகூர்கிறது என்ற வாசகத்தை அங்கே பொறித்திருக்கிறார்கள். முன்பு சொன்ன லிங்கன் மையமும் விமானத்தில் பறந்தவர்களின் வாக்குமூலங்களோடு, கீழே இருந்த மக்களின் வாக்குமூலங்களையும் சேர்த்தே தன் தொகுப்பில் வைத்திருக்கிறது.

ஆகவே நாகர்கோவில் அம்மையாருக்கு என் யோசனை இது. லாக் புத்தகத்தில் சிவப்பு மையால் எழுதிய ஒவ்வொரு ஊரையும் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம், ஸ்குவாட்ரனின் பதிவேடு அந்த இரவைப் பற்றிச் சொல்வதை எழுதுங்கள். எதிர்ப்பக்கம், அந்த இரவில் அந்த ஊரில் என்ன நேர்ந்தது என்பதை எழுதுங்கள். ஜெர்மன் நகரங்கள் பலவற்றில் நகராட்சியே நடத்தும் ஆவணக் காப்பகம் உண்டு. தேதியையும் உங்கள் நோக்கத்தையும் தெளிவாகக் குறித்து எழுதிக் கேட்கலாம். கடிதத்தை உங்கள் மருமகள் எழுதுவதே பொருத்தம். அதில் அந்த இளைஞரின் பெயரையும் அவர் பறந்த ஸ்குவாட்ரனையும் ஒளிக்காமல் முதலிலேயே குறிப்பிட்டுவிடச் சொல்லுங்கள்.